ஓக் மரத்தடியில் வைக்கோல் காளானா?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் எங்கள் தெரு ஓக் மரங்களுக்கு அடியில் மழை விட்டதும் காளான் முளைக்கிறது. தண்டின் அடியில் பை இருக்கிறது. ஊரில் வைக்கோல் போரில் பறிக்கும் காளான் போலவே தெரிகிறது. சமைக்கலாமா?

பதில்: கூடாது. நீங்கள் சொல்வது பெரும்பாலும் டெத் கேப் என்ற கொடிய நச்சுக் காளான். ஐரோப்பாவிலிருந்து வந்த இனம். ஓக் வேர்களோடு ஒட்டி வாழ்வது. கான்பெராவில் 2011 டிசம்பர் 31 இரவு விருந்தில் இதைச் சாப்பிட்டவர்களில் இருவர் இறந்துபோனார்கள்.

பை இரண்டுக்கும் உண்டு. நம் ஊர்க்காரர்கள் ஏமாறுவதே அதில்தான். வைக்கோல் காளானின் பை சாம்பல் கலந்த பழுப்பு. டெத் கேப்பின் பை வெள்ளை. அடுத்து, தண்டின் மேற்பகுதியைப் பாருங்கள். டெத் கேப்பில் பாவாடை மாதிரி மெல்லிய வளையம் தொங்கும், வைக்கோல் காளானில் வளையமே கிடையாது. ஆனால் மழையிலோ கைபட்டோ வளையம் உதிர்ந்துவிடும் என்பதால், அது இல்லை என்று நிம்மதியடைய வேண்டாம். டெத் கேப்பின் குடை 5 முதல் 15 செ.மீ. அகலம், மஞ்சள் கலந்த ஆலிவ் பச்சை, சில நேரம் முழு வெள்ளை. குடைக்கு அடியிலுள்ள தகடுகள் கடைசிவரை வெள்ளையாகவே இருக்கும். வைக்கோல் காளானில் அவை முற்ற முற்ற இளஞ்சிவப்பாகும்.

பறிக்கும்போது கத்தியால் தண்டை வெட்டினால் பை மண்ணுக்குள் தங்கிவிடும், முக்கியமான அடையாளமே போய்விடும். கரண்டியால் சுற்றித் தோண்டி முழுதாக எடுங்கள். பிறகு விரிந்த குடையைத் தனியே வெட்டி, பாதி வெள்ளை, பாதி கறுப்புத் தாளின் மேல் தகடுகள் கீழே பார்க்க வைத்து, கிண்ணத்தால் மூடி ஓர் இரவு விடுங்கள், தகடுகளிலிருந்து தூள் உதிரும். வெறும் வெள்ளைத் தாளில் வைத்தால் டெத் கேப்பின் வெள்ளைத் தூள் கண்ணுக்கே தெரியாது. வைக்கோல் காளான் இளஞ்சிவப்புத் தூள் கொட்டும். தூள் வெள்ளை என்றால் குப்பையில் போடுங்கள். இளஞ்சிவப்பு என்றாலும் தின்னலாம் என்று அர்த்தமில்லை. அந்த நிறத் தூள் கொட்டும் நச்சுக் காளான்களும் இருக்கின்றன.

முட்டை வடிவ மொட்டுகளில் இந்தச் சோதனை எதுவும் செல்லாது. உள்ளே தகடுகள் இரண்டிலும் வெள்ளைதான். ஓக் மரத்தடி மொட்டு வேண்டவே வேண்டாம்.

கேள்வி: வேகும்போது வெள்ளிக்காசு கறுத்தால் விஷம், பூச்சி அரித்திருந்தால் நல்லது என்பார்களே?

பதில்: இரண்டும் பொய். டெத் கேப்பில் வெள்ளி கறுக்காது. நத்தையும் புழுவும் அதைத் தின்னும். அதிலுள்ள அமாடாக்ஸின் என்ற நஞ்சு கொதிக்கவைத்தாலும் உலர்த்தினாலும் உறைய வைத்தாலும் அழியாது. சுவையும் நன்றாகவே இருக்கும்.

கேள்வி: தெரியாமல் சாப்பிட்டுவிட்டால்?

பதில்: வாந்தி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வாந்தியும் தண்ணீராகப் பேதியும் பொதுவாக 6 மணி நேரத்துக்குப் பிறகுதான் தொடங்கும். இரண்டாம் நாள் வாக்கில் எல்லாம் அடங்கி, தேறிவிட்டது போலிருக்கும். கல்லீரல் அப்போதுதான் சிதைந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பி வந்துவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் நச்சுத் தகவல் எண் 13 11 26. ஆள் மயங்கினால் ஆம்புலன்ஸுக்கு 000. மிச்சக் காளானைக் காகிதப் பையில் எடுத்துப் போங்கள், பிளாஸ்டிக்கில் அழுகிவிடும். சமைத்த குழம்பையும் கொட்டிவிடாதீர்கள். அதே சாப்பாட்டைச் சாப்பிட்ட எல்லாரும், ஒன்றும் செய்யவில்லை என்பவர்கள் உட்பட, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.