கேள்வி – பதில்: கற்கும் வரிசை வேறு

கேள்வி: ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் வண்ணச் சிமெண்ட் கல்) பட்டறை நடத்துகிறோம். புதிதாக வரும் பையன்களைச் சாயம் ஊற்ற விட்டால் கல் வீணாகிறது, திட்டினால் நின்றுவிடுகிறார்கள். தொழிற்கல்வி ஆய்வுகளில் இதற்கு வழி உண்டா?
– ஒரு வாசகர், ஆத்தங்குடி

பதில்: உண்டு. வேலை நடக்கும் வரிசையில்தான் கற்றுத்தர வேண்டும் என்பதில்லை. மானுடவியலாளர் ஜீன் லேவ் 1970களில் லைபீரியத் தையற்கடைகளில் ஆராய்ந்தபோது, பழகுநர்கள் பொத்தான் வைப்பது, ஓரம் அடிப்பது என்று கடைசி வேலையிலிருந்து தொடங்கியதைக் கண்டார். துணி வெட்டுவது முடிவில்தான் அவர்கள் கைக்கு வந்தது. பொத்தான் பிசகினால் பிரித்துத் தைக்கலாம். வெட்டு பிசகினால் துணியே போச்சு.

நீங்களும் கடைசியிலிருந்து தொடங்குங்கள். தண்ணீர்த் தொட்டியில் ஊறிய கல்லை எடுத்து, அதை வார்த்த கண்ணாடியைப் பிரித்து, நல்லதையும் பழுதையும் தனியே அடுக்கட்டும். ஒவ்வொரு பழுதையும் கையில் வைத்துக்கொண்டே காரணம் சொல்லுங்கள். நிறங்கள் கலந்திருந்தால், சாயம் நீர்த்திருக்கும் அல்லது நிறங்களைப் பிரிக்கும் அச்சைச் சாய்வாகத் தூக்கியிருப்பார்கள். ஊசித்துளை என்றால் சாயத்தில் காற்றுக்குமிழி. மங்கலான திட்டு என்றால் கண்ணாடியில் அழுக்கு; இந்தக் கல் சூளை காணாதது, அதன் வழவழப்பே கண்ணாடி தந்ததுதான். மயிரிழை விரிசல் என்றால் ஊறும் முன்பே வெயிலில் காய்ந்திருக்கும்.

பிறகு முதுகுப்பக்கம். சாயத்தின் மேல் உலர்ந்த சிமெண்ட்–மணல் தூவி, அதன்மேல் ஈரக் கலவை போட்டுக் கரணையால் அழுத்த வேண்டும். தூவல் குறைந்தால் மிஞ்சிய ஈரம் நிற்கும். மிகுந்தால் அடுக்குகள் பிடிக்காமல் பெயரும். இதில் கை படிந்த பிறகு ஒற்றை நிறக் கல், அப்புறம் இரண்டு நிறம், பூ வேலை கடைசியில். சிமெண்ட் தோலை அரிக்கும், மணல் தூசி நுரையீரலைக் கெடுக்கும்; கையுறையும் முகக்கவசமும் முதல் நாளிலிருந்தே கட்டாயம்.

ஆனால் பையனைத் தொட்டியடியிலேயே நிறுத்திவிடாதீர்கள். லேவும் கல்வி ஆய்வாளர் எட்டியன் வெங்கரும் 1991இல் வெளியிட்ட நூலில் அமெரிக்க இறைச்சிக் கடைகளைப் பற்றிச் சொல்கிறார்கள். பொட்டலம் கட்டும் இடத்தில் நிறுத்தப்பட்ட பழகுநர்களுக்கு, தேர்ந்தவர்கள் இறைச்சி வெட்டுவது கண்ணிலேயே படவில்லை, வேலையும் பிடிபடவில்லை. சாயம் ஊற்றும் மேசை தெரியும்படி தொட்டியை வையுங்கள். என்னைக் கேட்டால், தனியாக வகுப்பு எடுப்பதைவிட இது முக்கியம்.

கேள்வி: கண்டாங்கிச் சேலை நெசவை எப்படிக் கற்கிறார்கள் என்று எம்.எட். ஆய்வு செய்கிறேன். கேள்வித்தாள் மட்டும் போதுமா?
– ஒரு மாணவி, காரைக்குடி

பதில்: போதாது. கைக்குத் தெரிந்ததை வாய் முழுதாகச் சொல்லாது. “இழை அறுந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டால், “முடிச்சுப் போட்டுவிடுவோம்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். தறியருகே உட்கார்ந்து, அனுமதி பெற்றுக் காணொளி எடுங்கள். அதை நெசவாளரிடமே போட்டுக்காட்டி, கை தயங்கிய இடத்தில் நிறுத்தி, ஏன் தயங்கினார் என்று கேளுங்கள். புதியவர் ஒருவரையும் அதேபோல் எடுத்து, பிழை எங்கே, யார் கண்டது, எப்படித் திருத்தினார்கள் என்று குறித்து வாருங்கள். தார் சுற்றும் (ஊடை நூலைச் சிறு குழலில் சுற்றும்) சிறுவேலையையும் விடாதீர்கள். நூலின் இழுவிசை பழகுவது அங்கேதான்.

கேள்வி: வேலை கைவசம் இருக்கிறது, சான்றிதழ்தான் இல்லை. ஐ.டி.ஐ.யில் சேர வேண்டுமா?
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: வேண்டியதில்லை. பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், முன்பே தொழில் கற்றவர்களைச் சோதித்துச் சான்றளிக்கும் பிரிவு உண்டு. உங்கள் தொழில் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.