‘முடியாது’ என்று சொன்னது யார்? மருத்துவக் காப்புறுதியில் ஏஐ: சுங்கை சிப்புட் கேள்வி பதில்

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டக் குடும்பங்கள், மருத்துவக் காப்புறுதியில் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) பற்றிக் கேட்ட கேள்விகள் இவை. ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் நடந்த சந்திப்பில் நேரம் போதாமல் விட்டவற்றையும் சேர்த்து எழுதுகிறேன். காப்புறுதி நிறுவனம் ஒன்றில் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். இப்போது யாருக்கும் பாலிசி விற்பதில்லை.

அண்ணே, அப்பாவை ஈப்போவில் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஜிஎல் (பில்லை ஏற்பதாகக் காப்புறுதி நிறுவனம் தரும் உத்தரவாதக் கடிதம்) கேட்ட சில நிமிடத்திலேயே ‘நிராகரிக்கப்பட்டது’ என்று வந்துவிட்டது. அதற்குள் ஒரு டாக்டர் படித்திருப்பாரா?

வேகத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, தம்பி. பாலிசி உயிரோடு இருக்கிறதா, 30 நாள் காத்திருப்புக் காலம் முடிந்ததா, சில நோய்களுக்கு உள்ள 120 நாள் தாண்டியதா, வருட வரம்பில் பாக்கி எவ்வளவு, இதையெல்லாம் கணினி பார்ப்பதில் தப்பே இல்லை. மனிதனைவிட அது சரியாகவே பார்க்கும். ஆனால் ‘இந்தச் சிகிச்சை தேவையில்லை’, ‘இது முன்பே இருந்த நோய்’ என்பவை தேதிக் கணக்கு அல்ல. நோயாளியின் கோப்பைப் படித்த ஒரு டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு.

அமெரிக்காவில் என்ன நடந்தது என்று பாருங்கள். சிக்னா என்ற காப்புறுதி நிறுவனத்தின் டாக்டர்கள் 2022-இல் இரண்டே மாதத்தில் 3 லட்சத்துக்கு மேற்பட்ட கோரிக்கைகளை நிராகரித்தார்கள், ஒன்றுக்குச் சராசரியாக 1.2 விநாடிதான் செலவழித்தார்கள் என்று புரோபப்ளிக்கா என்ற செய்தி நிறுவனம் 2023-இல் வெளியிட்டது. சாதாரணக் கோரிக்கைகளுக்குச் சீக்கிரம் பணம் கொடுக்கத்தான் அந்த முறை என்று நிறுவனம் மறுத்தது. எப்படியானாலும், கையெழுத்து டாக்டருடையது, முடிவு இயந்திரத்துடையது என்றால் அங்கே யாரும் பொறுப்பேற்கவில்லை. எனக்கு இதில் வரும் கோபம் அதனால்தான்.

உங்கள் அப்பா விஷயத்தில், ஜிஎல் மறுக்கப்பட்டதாலேயே கோரிக்கை செத்துவிடாது. பில்லைக் கட்டிவிட்டு, முழு மருத்துவ அறிக்கையோடு பிறகு பணம் திரும்பக் கேட்கலாம். மறுத்ததற்கு எந்த விதி காரணம், அதை முடிவு செய்தது டாக்டரா என்று எழுத்தில் கேளுங்கள். போனில் சொல்வதை ஏற்காதீர்கள்.

நான் லோரி ஓட்டுகிறேன். கவுண்டரில் இருப்பவருக்கு என் முகம் தெரியும், என் பேர் தெரியும். கணினிக்கு இனம் தெரியாதே. அதுதானே நியாயம்?

இந்தக் கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். இனம் என்ற கட்டத்தை அழித்துவிட்டால் போதும் என்று பலரும் நம்பினார்கள். 2019-இல் ‘சயன்ஸ்’ இதழில் சியாத் ஓபர்மேயர் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எந்த நோயாளிக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும் என்று தேர்ந்தெடுக்க அமெரிக்காவில் பரவலாகப் பயன்பட்ட ஒரு கணிப்பு முறை பற்றியது. அதற்கு இனத்தைச் சொல்லவே இல்லை. நோயின் கடுமைக்குப் பதிலாக, இனி ஆகப்போகும் மருத்துவச் செலவை அது கணித்தது. கறுப்பின நோயாளிகளுக்கு ஏற்கெனவே குறைவாகத்தான் செலவாகியிருந்தது. அதனால் ஒரே மதிப்பெண் பெற்ற இருவரில் கறுப்பினத்தவர் கூடுதல் நோயோடு இருந்தார். அதைச் சரிசெய்தால், கூடுதல் கவனிப்பு பெறுவோரில் அவர்கள் பங்கு 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 விழுக்காடாகும் என்று கணக்கிட்டார்கள்.

இதை நம் பக்கம் வைத்துப் பாருங்கள். காலமெல்லாம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய ஓர் அம்மா. காய்ச்சல் என்றால் தோட்டத்து டிரெசர் (மருத்துவ உதவியாளர்) கொடுத்த மாத்திரை. முற்றிப்போனால் அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்). தனியார் ஆஸ்பத்திரிப் படி ஏறியதே இல்லை. செலவுக் கணக்கில் அவர் ஆரோக்கியமான ஆள். உடம்பில் மூட்டு தேய்ந்து, இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) கூடி, கண் மங்கியிருக்கிறது. பிள்ளைகள் வேலைக்குப் போய் மெடிக்கல் கார்டு எடுத்துக் கொடுத்த பிறகு முதல் பெரிய பில் வருகிறது. பழைய பதிவே இல்லாத இடத்தில் திடீரென்று பெரிய நோய். மோசடியைத் தேடும் மென்பொருளுக்கு இது சந்தேகமாகத்தான் தெரியும். டாக்டரிடம் போக வழியில்லாமல் இருந்ததை, நோயை மறைத்ததாக அது படிக்கிறது.

இனத்தை அழித்தாலும் அஞ்சல் குறியீடு, தொழில், போகும் கிளினிக் எல்லாம் சேர்ந்து அதையே சொல்லிவிடும். 2019 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், இந்தியர்களில் 31.4. நோய் கூடுதல் என்பது உண்மை. அதற்காக, சர்க்கரையே இல்லாத ஒரு லோரி ஓட்டுநர் தன் ஊருக்காகவும் பேருக்காகவும் கூடுதல் சந்தா (பிரீமியம்) கட்டுவது நியாயம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அம்மா இனிப்பு நீரை மறைத்தார் என்று கடிதம் வந்திருக்கிறது. அம்மாவுக்கு அப்படி ஒரு நோயே இல்லை, ஐயா.

முதலில் கிளினிக்குக்குப் போய் அம்மாவின் அட்டை நகலைக் கேளுங்கள், மகளே. வேலையில் இருந்தபோது இதேபோல ஒரு கோப்பு என்னிடம் வந்தது. டாக்டர் கையால் ‘டி.எம்.’ என்று எழுதி, அதற்கு முன்னால் ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டிருந்தார். சர்க்கரை இருக்குமோ, ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்று அர்த்தம். ஸ்கேன் செய்த பக்கத்தை எழுத்தாக மாற்றிய மென்பொருள் கேள்விக்குறியை விட்டுவிட்டது. திரையில் ‘இனிப்பு நீர், முன்பே இருந்தது’ என்று நின்றது. ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று அதே அட்டையில் அடுத்த வரியிலேயே இருந்தது. அசல் அட்டையை வரவழைத்த பிறகுதான் அது வெளியே வந்தது.

சட்டமும் உங்களுக்குத் துணை நிற்கும். 2013 நிதிச் சேவைச் சட்டத்தின் 9-ஆம் அட்டவணைப்படி, விண்ணப்பப் பாரம் நிரப்பும்போது பொய்த் தகவல் தராதபடி நியாயமான கவனம் எடுப்பது வாடிக்கையாளரின் கடமை. குறிப்பான கேள்வியைக் கேட்பது நிறுவனத்தின் பொறுப்பு. வேண்டுமென்று சொன்ன பொய், கவனக்குறைவு, அறியாமல் நேர்ந்த தவறு எல்லாம் ஒன்றல்ல என்று அந்தச் சட்டமே பிரிக்கிறது.

கைக்கடிகாரத்தில் நடைக் கணக்கைக் கொடுத்தால் சலுகை என்கிறார்கள். கொடுக்கலாமா?

2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தகவல் நுண்ணிய தரவு, அதாவது கூடுதல் பாதுகாப்பு வேண்டிய தகவல். உங்கள் வெளிப்படையான சம்மதம் வேண்டும். வைத்திருப்பதைக் கேட்டுப் பார்க்கவும் தவறைத் திருத்தச் சொல்லவும் உரிமை உண்டு. சலுகைக்காகக் கொடுத்தது பிறகு சந்தாவை ஏற்றப் பயன்படுமா என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் கொடுக்க வேண்டாம்.

சந்தா ஏறுவதும் ஏஐ வேலையா?

மருத்துவச் செலவு ஏறுவதுதான் அதற்குப் பெரிய காரணம். 2024 டிசம்பரில் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, சந்தா ஏற்றத்தைக் குறைந்தது மூன்று வருடத்துக்குப் பரப்பச் சொன்னது. ஏஐ மீது எல்லாப் பழியையும் போடுவது சரியல்ல.

நான் ஏஜெண்டு. பொய்ப் பில்லைப் பிடிக்க ஏஐ இல்லாவிட்டால் நேர்மையானவர்கள்தானே கூடுதலாகக் கட்டுவார்கள்?

உண்மைதான். ஒரே சிகிச்சைக்கு இரண்டு பில், நடக்காத அறுவைச் சிகிச்சை, இதையெல்லாம் இயந்திரம் பிடிக்கட்டும். ‘இதைப் பாருங்கள்’ என்று கொடி காட்டுவதோடு அது நிற்க வேண்டும். குற்றவாளி என்று முடிவு கட்டுவது மனிதரின் வேலை. உங்களுக்கும் ஒரு கேள்வி: கார்டு விற்ற வீட்டுக்கு நிராகரிப்புக் கடிதம் வரும்போது, கூடவே போய் உட்காருகிறீர்களா?

நம் நாட்டில் இதற்குச் சட்டம் இருக்கிறதா? (ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்)

ஐயா, கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், மருத்துவத் தேவை இல்லை என்று மறுப்பதை உரிமம் பெற்ற மருத்துவ நிபுணர்தான் முடிவு செய்ய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 ஏஐ சட்டம், ஆயுள், மருத்துவக் காப்புறுதியில் ஆபத்தையும் விலையையும் கணிப்பதை அதிக அபாயப் பட்டியலில் வைத்திருக்கிறது. இங்கே 2024 செப்டம்பரில் வெளியான ஏஐ நெறிமுறை வழிகாட்டி தன்னார்வமானது. மீறினால் தண்டனை கிடையாது. கலிபோர்னியா போட்ட அந்த ஒரு விதியை இங்கேயும் போட வேண்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினரிடம் நாமே கேட்கலாம்.

அதுவரை உள்ள வழி: முதலில் நிறுவனத்தின் புகார்ப் பிரிவு. இறுதி முடிவு வந்த 6 மாதத்துக்குள் நிதி நிறுவனங்களோடு வரும் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவை, எஃப்எம்ஓஎஸ். 2,50,000 ரிங்கிட் வரையிலான தகராற்றைக் கட்டணமில்லாமல் பார்க்கிறார்கள்.

மேல்முறையீட்டுக் கடிதத்தை சாட்ஜிபிடியிடம் எழுதச் சொல்லலாமா, அண்ணே? எனக்கு மலாயில் அவ்வளவாக எழுத வராது.

தாராளமாக. ஐசி (அடையாள அட்டை) எண்ணையும் பாலிசி எண்ணையும் அதில் போடாதீர்கள். அச்செடுத்த பிறகு கையால் எழுதிக்கொள்ளலாம். அது சொல்லும் சட்டப் பிரிவு உண்மையிலேயே இருக்கிறதா என்று தெரிந்தவரிடம் காட்டுங்கள். அனுப்பும் முன் அம்மாவிடம் ஒருமுறை தமிழில் படித்துச் சொல்லுங்கள். எந்த மாதம் எந்த கிளினிக்குக்குப் போனார் என்பதில் தப்பு இருந்தால் அவர்தான் திருத்துவார்.