குதிரைக் கொட்டிலில் குடியேறிய பிள்ளைகள்

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், நாகர்கோவிலைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பள்ளி நூலகர்)

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள், சிறுபான்மை மக்களைப் பற்றி எழுதிய சிறுவர் எழுத்தாளர் ஒருவரைப் பற்றிப் பள்ளியில் பேச வேண்டும். எல்லோரும் சொல்லும் பெயராக இருக்கக் கூடாதாம். யாரைச் சொல்லலாம்? (வாசகி, தக்கலை)

ஃபுளோரன்ஸ் கிரானெல் மீன்ஸ். அமெரிக்கர், 1891-ல் பிறந்தவர், பாப்டிஸ்ட் போதகரின் மகள். வெள்ளைக்காரப் பிள்ளைகளே கதாநாயகர்களாக வந்துகொண்டிருந்த காலத்தில் நவாஹோ பழங்குடிப் பெண்ணையும் கறுப்பினப் பெண்ணையும் நடுவில் வைத்து நாவல் எழுதினார். 1938-ல் வந்த 'ஷட்டர்டு விண்டோஸ்', மினியாபோலிஸில் வளர்ந்த கறுப்பினப் பெண் ஒருத்தி தெற்குக் கரோலினாவின் கடலோரத் தீவுக்கு, கொள்ளுப்பாட்டியிடம் போகும் கதை.

ஆனால் மேடையில் பேச 'த மூவ்டு அவுட்டர்ஸ்' நாவலைத்தான் எடுக்கச் சொல்வேன். 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. அடுத்த பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் போட்ட உத்தரவால், மேற்குக் கடற்கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேர் அமெரிக்கக் குடிமக்கள். கையில் தூக்க முடிந்ததை மட்டும் கொண்டுபோகலாம். நாவலில் வரும் சூ என்ற பெண்ணின் குடும்பம் முதலில் போய்ச் சேரும் இடம் சாண்டா அனிட்டா குதிரைப் பந்தய மைதானம். மகளிடம் சொல்லுங்கள்: நாளை காலையில் தக்கலையை விட்டுக் கிளம்பி வடசேரி அண்ணா விளையாட்டரங்கத்தில் போய்க் குடியிரு என்று அரசே உத்தரவு போட்டால் எப்படி இருக்கும், அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

புத்தகம் வந்தது 1945-ல். முகாம்கள் எல்லாம் மூடி முடிவதற்கு முன்பே. அந்தத் துணிச்சலுக்காகவே எனக்கு இவரைப் பிடிக்கும். மறு ஆண்டு, அமெரிக்காவில் சிறுவர் நூல்களுக்குத் தரும் நியூபெரி கௌரவம் கிடைத்தது. அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் தருவதாகச் சட்டம் போட்டது 1988-ல். அதைப் பார்க்க மீன்ஸ் இல்லை.

சுனாமிக்குப் பிறகு எங்கள் கடற்கரைக்கு வந்து எழுதியவர்கள் எங்கள் அழுகையைத் தவிர வேறொன்றையும் எழுதவில்லை. வெளியாள் அடுத்தவர் கதையை எழுதலாமா? (வாசகர், குளச்சல்)

எழுதலாம். ஆனால் வெளியாளுக்கு ஒரு கூச்சம் இருக்கும், மீன்ஸுக்கும் இருந்தது. தன் கதாபாத்திரங்களைப் பற்றி யாரும் குறை சொல்லிவிடக் கூடாதே என்று சூவையும் மற்றவர்களையும் ரொம்பப் பொறுமைசாலிகளாக ஆக்கிவிட்டார் என்பது என் அபிப்பிராயம். இவ்வளவு பட்டவர்களுக்கு இன்னும் கோபம் வர வேண்டாமா?

அதனால் கூடவே ஜப்பானிய வம்சாவளி அமெரிக்க எழுத்தாளர் யோஷிகோ உச்சிடாவையும் படியுங்கள். பெர்க்லியில் பல்கலைக்கழக மாணவியாக இருந்தபோது குடும்பத்தோடு பிடித்துக்கொண்டுபோகப்பட்டவர். டான்ஃபொரான் பந்தய மைதானத்துக் கொட்டிலில் தங்கி, பிறகு யூட்டா மாநிலத்தில் டோபாஸ் என்ற பாலைவன முகாமுக்குப் போனவர். அவருடைய 'ஜர்னி டு டோபாஸ்' 1971-ல்தான் வந்தது. பட்டவர் வாய் திறக்க அத்தனை காலம் ஆகியிருக்கிறது. அதுவரை மீன்ஸும் சும்மா இருந்திருந்தால்? உங்கள் ஊர்க் கதையை நீங்களே எழுதினால் முதல் வாசகன் நான். அழுகையோடு, நிவாரண வரிசையில் நடந்த சண்டையையும் எழுதுங்கள்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இதெல்லாம் தேவையா சார்? (வாசகர், திருவட்டாறு)

ஐந்தாம் வகுப்புக்குச் சீக்கிரம் என்பார்கள், ஒன்பதாம் வகுப்பிலும் அதையே சொல்வார்கள். மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த நம் தோள்சீலைப் போராட்டம் என்.சி.இ.ஆர்.டி. ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் பாடநூலில் இருந்தது. 2019-ல் அந்தப் பாடத்தையே எடுத்துவிட்டார்கள்.

மேலே சொன்ன நாவல்கள் அந்த வயதுக்குக் கொஞ்சம் கனம்தான், ஒப்புக்கொள்கிறேன். உச்சிடாவின் 'த பிரேஸ்லெட்' என்ற படக்கதை சரியாக இருக்கும். முகாமுக்குப் போகும் எமிக்குத் தோழி ஒரு கைவளை தருகிறாள், எமி அதைத் தொலைத்துவிடுகிறாள். இரவில் மடியில் உட்கார வைத்து நீங்களே தமிழில் சொல்லுங்கள். 'அவளை ஏன் பிடிச்சிட்டுப் போனாங்க?' என்று பிள்ளை கேட்கும். பதிலை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.