16 மாதக் குழந்தைக்குப் பொம்மை போதவில்லையா?

கேள்வி: யாங்கோனில் நான்காவது மாடியில் குடியிருக்கிறோம். மகளுக்கு 16 மாதம். மழை பிடித்ததிலிருந்து அவளை வெளியே கூட்டிப் போக முடியவில்லை. எந்தப் பொம்மையைக் கொடுத்தாலும் இரண்டே நிமிடத்தில் எறிந்துவிடுகிறாள். அடுப்படியில் பாத்திரங்களை இழுத்துப் போடுகிறாள். அடுக்கி வைத்தால் மறுபடியும் இழுக்கிறாள். கடைசியில் கைபேசியைக் கொடுத்துவிட்டு மனம் உறுத்த உட்கார்ந்திருக்கிறேன். இவளுக்குப் பொறுமையே இல்லை என்கிறார் மாமியார். இந்த வயதுப் பிள்ளையோடு என்னதான் விளையாடுவது?

பதில்: ஒரே பாத்திரத்தை இருபது முறை இழுத்துப் போடுகிறவளைப் பொறுமை இல்லாதவள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சகோதரி. அவளுக்கு அலுத்தது பொம்மை. இழுப்பதும் போடுவதும் அலுக்கவில்லை. பல ஆண்டுகள் மழலையர் வகுப்பில் இருந்தவள் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான்: இந்த வயதில் பொருளைத் தேடாதீர்கள், குழந்தை செய்யும் செயலைப் பாருங்கள். அவள் கை எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறதோ, அதற்கு இடம் கொடுங்கள்.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே தம் மூன்று குழந்தைகளையும் கூர்ந்து கவனித்து எழுதிவைத்தவர். ஏறத்தாழ 12 முதல் 18 மாதம் வரையுள்ள பருவத்தைப் பற்றி அவர் கண்டது, குழந்தை ஒரு செயலை அப்படியே திருப்பிச் செய்வதில்லை, ஒவ்வொரு முறையும் சற்றே மாற்றிப் பார்க்கிறது என்பது. கரண்டியை உயரத்திலிருந்து போட்டால் எப்படி, தாழ்விலிருந்து போட்டால் எப்படி, ஓசை மாறுமா, அம்மா திரும்பிப் பார்ப்பாளா என்றெல்லாம் அது சோதிக்கிறது.

நம் முன்னோருக்கும் இந்தக் கண் இருந்தது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை நினைத்துப் பாருங்கள். சப்பாணியில் கைகொட்டல், வருகையில் தளர்நடை, அம்புலியில் நிலவைக் காட்டி அழைத்தல். ஆண்பிள்ளைக்குச் சிறுபறை கொட்டலும் சிறுதேர் உருட்டலும். பெண்பிள்ளைக்கு நீராடலும் ஊசலும். பல பருவங்களுக்குப் பெயர் தந்தது குழந்தையின் உடலும் கையும் செய்யும் ஒரு செயல். ஆண், பெண் என்ற அந்தப் பிரிவை மட்டும் நாம் விட்டுவிடலாம். உங்கள் மகளுக்குப் பறையும் தேரும் வேண்டும், நீரும் ஊஞ்சலும் வேண்டும்.

பறையிலிருந்து தொடங்குவோம். வீட்டில் இருக்கும் டிபன் கேரியரைக் கழற்றித் தரையில் வையுங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குவாள், கவிழ்ப்பாள், மரக்கரண்டியால் தட்டுவாள். வெளியே மழை தகரத்தில் விழும் ஓசையைக் கேட்கச் சொல்லி, நீங்களும் மெதுவாகத் தட்டுங்கள், பிறகு வேகமாக. அவள் தட்டும்போது நீங்கள் நிறுத்திக் காத்திருங்கள். மாறி மாறிச் செய்யும் இந்த வழக்கம் பின்னால் பேச்சுக்கு உதவும், ஏனென்றால் உரையாடலும் ஒருவர் நிறுத்தி மற்றவர் தொடங்குவதுதானே. தேருக்குப் பழைய துண்டு ஒன்று போதும். அதன் மேல் இரண்டு வெங்காயமும் அவளுடைய துணிப்பொம்மையும் ஏறட்டும். நுனியைப் பிடித்து அறைக்கு அறை இழுத்துப் போவாள். நீளக் கயிறு மட்டும் வேண்டாம், கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

நீர் விளையாட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் போல இந்த வயதுக் குழந்தையை நெடுநேரம் ஈர்ப்பது வேறொன்றும் இல்லை. அகலமான பேசின் ஒன்றில் இரண்டு விரற்கடை அளவு தண்ணீர் விடுங்கள். இரண்டு டம்ளர், ஒரு வடிகட்டி, ஒரு சிறிய துணி. ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுவது, வடிகட்டியில் தண்ணீர் நிற்காமல் போவதைப் பார்த்துத் திகைப்பது, துணியைப் பிழிவது என்று அரை மணி நேரம் போய்விடும். தரை நனையும், அதற்கு முன்கூட்டியே பழைய லுங்கியை விரித்துவிடுங்கள். ஆனால் கை எட்டும் தூரத்தைவிட்டு நீங்கள் நகரக்கூடாது. ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர்கூட இந்த வயதில் மூச்சை அடைத்துவிடும். கதவு தட்டினால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போங்கள். முடிந்த உடனே தண்ணீரைக் கொட்டிப் பேசினைக் கவிழ்த்து வையுங்கள். தேங்கிய நீரில் டெங்குக் கொசு முட்டையிடும், மழைக்காலத்தில் அந்தக் கவலை நம் ஊரில் எல்லார் வீட்டிலும் உண்டு.

பிசைவதற்கு, வெந்நீர் விட்டு அடுப்பில் நன்றாக வேகக் கிளறிய கொழுக்கட்டை மாவை ஆறவைத்துக் கொடுங்கள். வாயில் வைத்தாலும் பயமில்லை. பச்சை மாவும் உப்பு நிறையச் சேர்த்த மாவும் ஆகாது. பருப்பு, கடலை, புளியங்கொட்டை போன்றவற்றை அள்ளி விளையாடக் கொடுக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. மூக்கிலும் தொண்டையிலும் சிக்கும் என்பதால் நான் அதை ஒருபோதும் ஒப்புக்கொள்வதில்லை.

காலையில் நீங்கள் முகத்தில் பூசும் தனக்கா மரப்பட்டையைக் கல்லில் அரைக்கும்போது அவளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். கல்லில் நீர் தெளிக்கும் வேலையை அவள் செய்யட்டும். பிறகு அவள் விரலைக் குழம்பில் தொட்டு உங்கள் கன்னத்தில் பூசச் சொல்லுங்கள். அம்மா கன்னம், பாப்பா கன்னம், பாட்டி மூக்கு என்று சொல்லிக்கொண்டே போனால் உடலுறுப்புகளின் பெயர்கள் தாமாகவே வந்து சேரும். பர்மியச் சொல்லும் நடுவில் வந்தால் வரட்டும், இரண்டு மொழி கேட்பதால் குழந்தை குழம்பிவிடாது.

அம்புலிக்கு வருகிறேன். மழை மேகத்தில் நிலா எங்கே என்று கேட்பீர்கள். நிலா வேண்டியதில்லை, சுட்டிக் காட்டுவதுதான் முக்கியம். கம்பி போட்ட சன்னலருகே அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நில்லுங்கள். மின்கம்பியில் புறா, கீழே சைக்கா என்னும் மிதிரிக்‌ஷா, மேல்மாடி வீட்டிலிருந்து தெருவரை தொங்கும் கயிறு, அதன் கிளிப்பில் மாட்டி மேலே ஏறும் செய்தித்தாள். இதைவிடப் பெரிய வேடிக்கை எந்தக் கடையிலும் விற்பதில்லை. அவள் விரல் நீட்டும்போது அதே பொருளைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லுங்கள். நீங்கள் விரும்பும் வேறொன்றுக்கு அவள் பார்வையைத் திருப்பாதீர்கள். சன்னலுக்கும் பால்கனிக்கும் பக்கத்தில் நாற்காலி எதுவும் இருக்கக்கூடாது.

மாலையில் மின்சாரம் நின்றால் அதையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். டார்ச் வெளிச்சத்தில் சுவரில் உங்கள் கை நிழல் பெரிதாகும், சிறிதாகும். டார்ச்சின் பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கியிருக்க வேண்டும். பொத்தான் பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துவிடும்.

மழை விட்ட ஒரு மணி நேரம் கிடைத்தால் கண்டோஜி ஏரிக்கரைக்கோ, அருகில் எந்தப் புல்தரைக்கோ போய் நடக்க விடுங்கள். இந்த வயதுக்கு நாள் முழுவதும் சேர்த்து 180 நிமிடமாவது உடல் அசைவு வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியது. வீட்டுக்குள் துண்டை இழுத்ததும் இதில் சேரும். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரைமுன் உட்காரும் நேரமே வேண்டாம் என்றும் அதே வழிகாட்டுதல் கூறுகிறது. சோர்ந்துபோன ஒரு நாளில் கைபேசியைக் கொடுத்ததற்காக உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள். அதைக் கண்ணில் படாத இடத்தில் வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். 18 மாதம் ஆகியும் பிடிக்காமல் நடக்கவில்லை, எதையும் விரலால் சுட்டிக் காட்டவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை என்றால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாளைக்கே செய்யக்கூடியது, அடுப்படியில் கீழ்த்தட்டு ஒன்றை அவளுக்கென்று விட்டுவிடுவது. கத்தி, கண்ணாடி, எண்ணெய்ப் புட்டியெல்லாம் மேலே போகட்டும். அந்தத் தட்டில் ஐந்தாறு பாத்திரம், ஒரு மூங்கில் கூடை. இழுத்துப் போடுவது அவள் பங்கு, அடுக்குவது இருவர் பங்கு. மாமியாரை உள்ளங்கையில் பருப்புக் கடைந்து ஒவ்வொரு விரலுக்கும் ஊட்டி, கடைசியில் அக்குள்வரை நண்டு ஊரவிடும் அந்தப் பழைய விளையாட்டை ஆடிக் காட்டச் சொல்லுங்கள். நண்டு எப்போது ஊரும் என்று காத்திருக்கும்போது பேத்தியின் முகத்தை அவர் பார்க்கட்டும்.