மேலே ஐஸ் இறுகுகிறது, கீழே குழம்பு புளிக்கிறது: புதுப் பெட்டி கேட்டு வழக்காடலாமா?

கல்முனைக் கடையொன்றில் பத்து வாரங்களுக்கு முன் வாங்கிய குளிர்சாதனப் பெட்டியின் இரு பக்கங்களும் சுடுவதாகவும், கடைக்காரர் மரியாதையின்றிப் பேசியதாகவும், பார்க்க வந்த திருத்துநர் 'சுவரோடு ஒட்டி வைக்கப்பட்டுள்ளது' என்று எழுதி ஒப்பம் வாங்கிச் சென்றதாகவும், ஊர் பாஸைக் (உள்ளூர்த் திருத்துநரைக்) கொண்டு திருத்திவிட்டுப் புதுப் பெட்டி கேட்டு வழக்கிடலாமா என்றும் களுவாஞ்சிக்குடி வாசகி கேட்டிருக்கிறார்.

கடைக்காரரின் வாய்த்துடுக்கு வழக்குக்கு உதவாது. பக்கங்கள் சுடுவதும் உதவாது. இன்றைய பெட்டிகள் பலவற்றில் உள்ளிருந்து எடுத்த வெப்பத்தை வெளியேற்றும் குழாய்கள் பக்கத் தகட்டின் உட்புறத்திலேயே ஓடுவதால் அது சுடத்தான் வேண்டும், சுவரை நெருங்கினால் இன்னும் சுடும். நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய வரிதான் வழக்கு: பிரீசரில் ஐஸ் கல்லாக இறுக, கீழே மீன்குழம்பு ஒரே இரவில் புளிக்கிறது. பிரீசரின் பின்தகட்டுக்குள் இருக்கும் சிறு விசிறிதான் குளிர்காற்றைக் கீழே தள்ளுகிறது. அது நின்றாலோ, காற்றுவழி பனியால் அடைபட்டாலோ பெரும்பாலும் இப்படித்தான் ஆகும்.

ஆகவே பாஸை அந்தத் தகட்டைத் தொடவிடாதீர்கள். பழைய விசிறியைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு என்னிடம் வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். பழுது விசிறியிலா, ஊர் பாஸின் கையிலா என்று எதிர்த்தரப்பு கேட்டபோது காட்ட அவர்களிடம் எதுவும் இருக்கவில்லை, உத்தரவாதமும் அதோடு போயிற்று. நீங்கள் ஒப்பமிட்ட தாளும் உங்களுக்கு எதிரானதே. பெட்டியைக் கையேடு சொல்லும் அளவுக்குச் சுவரிலிருந்து இன்றே நகர்த்தி, சில நாட்கள் கழித்தும் கீழ்த்தட்டு குளிராவிட்டால், அதைத் திகதியுடன் எழுதிப் பதிவுத் தபாலில் கடைக்கு அனுப்புங்கள். சுவரோடு ஒட்டியதால்தான் பழுது என்ற கதை அங்கேயே அடிபடும்.

'நாளைக்கு வாறம்' என்ற பேச்சை நம்பி நாளைக் கடத்தவும் வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கான முறைப்பாடு விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் போக வேண்டும். உங்களுக்கு மீதி இருப்பது இரண்டு மூன்று வாரங்களே.

நீதிமன்றத்தில் புதுப் பெட்டி கேட்பதை மறந்துவிடுங்கள். ஏற்றுக்கொண்டு பத்து வாரம் பாவித்த பொருளைத் திருப்புவதை 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் எளிதில் விடாது. அங்கே நட்டஈடுதான் மிஞ்சும், அதற்கும் முதலில், வழக்குக்கு முன் சமரசம் பேசும் மத்தியஸ்த சபைப் படியேற வேண்டும். விசிறியை இலவசமாக மாற்றி, அந்தப் பாகத்துக்கு எழுத்தில் உத்தரவாதம் தருவதாகக் கடைக்காரர் சொன்னால், அன்றே ஒப்பமிடுங்கள், இம்முறை தாளை வாசித்துவிட்டு.