டிபி மாத்திரையும் ஐஎன்ஆரும்: கடிதம்

அன்புள்ள சார்,

கோத்தகிரியில் இருக்கிறோம். அம்மாவுக்கு இதய வால்வு மாற்றியதிலிருந்து, ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். இப்போது டிபி மாத்திரையும் சேர்ந்திருக்கிறது. அதிலிருந்து, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் இறங்குகிறது, டாக்டர் வார்ஃபரினைக் கூட்டிக்கொண்டே போகிறார். கல்லீரல் கெட்டுவிட்டதா? பக்கத்து வீட்டில் கஷாயம் கொடுக்கச் சொல்கிறார்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கல்லீரல் கெட்டால் ஐஎன்ஆர் ஏறும், இறங்காது. ரத்தம் உறையத் தேவையான புரதங்களைச் செய்வதே கல்லீரல்தான். டிபி மருந்துகள் கல்லீரலைப் பாதிப்பதும் உண்டு. கண் மஞ்சளானால் அன்றே காட்டுங்கள். ஆனால் இப்போது நடப்பது வேறு.

டிபி மருந்துகளில் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் ரிஃபாம்பிசின்தான் காரணம். கல்லீரல் செல்லுக்குள் பிஎக்ஸ்ஆர் என்றொரு ஏற்பி, அதாவது ரசாயனங்கள் வந்து ஒட்டினால் வேலையைத் தொடங்கும் புரதம், இருக்கிறது. 1998-இல் கண்டுபிடித்தார்கள். ஹார்மோன் ஏற்பிகளின் குடும்பம்தான், ஆனால் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி மாதிரி ஒரு வகைப் பொருளுக்காகக் காத்திருப்பதில்லை. அதன் குழி பெரியது, வளைந்துகொடுப்பது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மருந்துகள் அதில் போய் உட்காரும். உடம்பு இதுவரை பார்த்தே இராத ரசாயனத்தைக்கூட இப்படித்தான் அது கண்டுகொள்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீரவில்லை.

ரிஃபாம்பிசின் உட்கார்ந்ததும் பிஎக்ஸ்ஆர், ஆர்எக்ஸ்ஆர் என்ற துணையோடு டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்ளும். சிஒய்பி3ஏ4, சிஒய்பி2சி9 போன்ற நொதிகள் ஏராளமாக உற்பத்தியாகும். வார்ஃபரினைச் சிதைப்பவையும் இவைதான், அதனால்தான் அது சீக்கிரம் தீர்ந்து ஐஎன்ஆர் இறங்குகிறது. கருத்தடை மாத்திரை பலனில்லாமல் போவதும் இதே வழியில்தான்.

கஷாயத்துக்கு வருகிறேன். உங்கள் பக்கத்துப் புல்வெளிகளில் மஞ்சளாகப் பூக்கும் ஹைபெரிகம் மைசூரென்ஸைப் பார்த்திருப்பீர்கள். அதன் ஐரோப்பிய உறவு செயின்ட் ஜான்ஸ் வோர்ட். மனச்சோர்வுக்குக் கடைகளில் விற்கும் மூலிகை. அதிலுள்ள ஹைபர்ஃபோரின் பிஎக்ஸ்ஆரைப் பலமாக முடுக்கிவிடும். மூலிகை, மாத்திரை என்ற வித்தியாசமெல்லாம் அந்த ஏற்பிக்குக் கிடையாது. என்னென்ன சேர்ந்தது என்று தெரியாத கஷாயம் இப்போது வேண்டவே வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குக் கவலை. டிபி மருந்து முடிந்ததும் அந்த நொதிகள் சில வாரங்களில் பழைய அளவுக்கு இறங்கிவிடும். அப்போதும் இன்றைக்குக் கூட்டிய அதே வார்ஃபரினைச் சாப்பிட்டால் உள்ளே ரத்தம் கசியலாம். டிபிக்கு ஒரு டாக்டர், இதயத்துக்கு வேறொரு டாக்டர் என்றால், கடைசி ரிஃபாம்பிசின் தேதியை இதய டாக்டரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். அளவை அவர்தான் குறைக்க வேண்டும், நீங்களாக மாற்றாதீர்கள். அந்த வாரங்களில் ஐஎன்ஆர் அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும். மலைப்பாதையில் அம்மாவை அழைத்துப் போய்வருவது சிரமம்தான், இருந்தாலும் ஒரு தடவைகூடத் தள்ளிப்போடாதீர்கள்.