இருக்கும் தூண் ஏன் தெரியவில்லை?

கட்டட வரைபடம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கட்டடம் வரையும் ரெவிட் மென்பொருளில் மாடி வீடு ஒன்றை வரைந்து வருகிறேன். முப்பரிமாணத்தில் சரியாகத் தெரியும் ஒரு தூண், தரைத்தளப் பிளானில் மட்டும் காணப்படவில்லை. அதை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்தால் தெரிகிறது. இப்படியே செய்துகொள்ளலாமா?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வேண்டாம். தூணை அழித்தால், அதைப் பற்றி நிற்கும் அளவுக்கோடுகளும் டேகுகளும் (பெயர்க்குறிகள்) எல்லா வியூக்களிலிருந்தும் (பிளான், எலிவேஷன் போன்ற ஒவ்வொரு தோற்றமும் ஒரு வியூ) சேர்ந்தே போய்விடும். அவை போனது உங்கள் கண்ணில் உடனே படாது.

புதிய தூண் தெரிகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது. தூண் என்ற வகையே அந்த வியூவில் அணைக்கப்பட்டிருந்தால் புதிய தூணும் தெரிந்திருக்காது. எனவே, அந்த ஒரு தூணை மட்டும் யாரோ தனியாக மறைத்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். உறுதி செய்ய, அந்தப் பிளானைத் திறந்து ஆர், ஹெச் என்ற இரண்டு எழுத்துகளைத் தட்டுங்கள். வியூவின் அடியில் உள்ள பல்பு சின்னத்தைச் சொடுக்கினாலும் அதுவே நடக்கும். வரைபடம் முழுவதும் வெளிறிப்போய், மறைக்கப்பட்டவை மட்டும் மெஜந்தா நிறத்தில் எழுந்து நிற்கும். தூண் அந்த நிறத்தில் தெரிந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, வலது சொடுக்கில் வரும் ‘அன்ஹைட் இன் வியூ’ என்பதில் ‘எலிமென்ட்ஸ்’ என்று கொடுங்கள். பிறகு மறுபடியும் ஆர், ஹெச் தட்டினால் பழைய தோற்றத்துக்குத் திரும்பிவிடலாம்.

இது எப்படி நேர்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஹெச், ஹெச் என்று தட்டினால் கிடைப்பது தற்காலிக மறைப்பு. வியூவைச் சுற்றி வெளிர்நீலக் கட்டம் நின்று நம்மை எச்சரிக்கும், ஹெச், ஆர் தட்டினால் விலகும், கோப்பை மூடினால் நிலைக்காது. ஈ, ஹெச் என்று தட்டினால் கிடைப்பதோ அந்த வியூவில் நிரந்தர மறைப்பு. அதற்குக் கட்டமும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், அளவு போடுவதற்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று குழாய் இறங்கும் டக்ட்டின் ஒரு சுவரை ஒருவர் இப்படி மறைத்தார். அப்படியே பிரிண்ட் போயிற்று. மேஸ்திரி தாளில் உள்ளபடியே கட்டினார், அவர்மீது எந்தக் குற்றமும் இல்லை. பிளம்பர் வந்து நின்ற அன்றுதான் சுவர் இல்லாதது தெரிந்தது. அன்று முதல், ஒரு ஷீட்டை, அதாவது பிரிண்ட் போகும் தாளை, வெளியே அனுப்புவதற்கு முன் அதிலுள்ள ஒவ்வொரு வியூவிலும் ஆர், ஹெச் தட்டிப் பார்க்காமல் நான் அனுப்புவதில்லை.

ஒன்றை மறைப்பதற்கோ அதன் கோட்டை மாற்றுவதற்கோ இந்த மென்பொருளில் பல படிகள் உள்ளன. ‘ஆப்ஜெக்ட் ஸ்டைல்ஸ்’ புராஜெக்ட் முழுவதற்குமானது. வி, ஜி தட்டினால் திறக்கும் பலகை அந்த வியூவில் ஒரு வகை முழுவதற்குமானது. அதற்குள் இருக்கும் ஃபில்டர், விதிக்குப் பொருந்துபவற்றுக்கு மட்டுமானது. கடைசியில் வருவது தனி எலிமென்ட், அதாவது ஒரே ஒரு தூண் அல்லது சுவர். நிறத்தையும் கோட்டின் தடிமனையும் பொறுத்தவரை இவற்றில் குறுகியதே வெல்லும்: வகைக்குக் கொடுத்ததை ஃபில்டர் மீறும், ஃபில்டர் கொடுத்ததைத் தனி எலிமென்ட்டுக்குக் கொடுத்தது மீறும். மறைப்பதில் அப்படியல்ல, எந்தப் படியில் அணைத்திருந்தாலும் பொருள் மறைந்துவிடும், மற்றொரு படியில் திறந்துவைத்திருப்பது அதை மீட்காது. பலர் மணிக்கணக்கில் தடுமாறுவது இந்த வேறுபாட்டில்தான்.

ஆகவே, நாலரை அங்குலச் சுவர்களை மட்டும் வேறு நிறத்தில் காட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு சுவராகத் தொட்டு மாற்றாதீர்கள். சுவரின் அகலம் 115 மி.மீ. என்று ஒரு ஃபில்டர் எழுதி, அதைப் பல வியூக்களுக்குப் பொதுவான அமைப்பாகிய வியூ டெம்ப்ளேட்டில் வைத்துவிடுங்கள். நாளை வரையும் சுவரும் தானாகவே அந்த நிறம் பெறும். ஏன் இப்படித் தெரிகிறது என்று கேட்பவருக்குக் காட்ட ஓர் இடமும் இருக்கும்.

கேள்வி: கழிப்பறை வென்டிலேட்டர்கள் எலிவேஷனில் (பக்கவாட்டுத் தோற்றம்) தெரிகின்றன, பிளானில் அந்த இடத்தில் சுவர் முழுதாக ஓடுகிறது. வி, ஜி பலகையில் எல்லாமே திறந்துதான் இருக்கிறது.
- வாசகர், திருச்சி

பதில்: அந்தப் பலகையில் தேடிப் பயனில்லை. பிளான் என்பது கட்டடத்தை ஓர் உயரத்தில் கிடையாக அறுத்து மேலிருந்து பார்ப்பது. மெட்ரிக் டெம்ப்ளேட்டில் (மி.மீ. அளவுக்கான தொடக்கக் கோப்பு) அந்த வெட்டு உயரம் பொதுவாக 1200 மி.மீ.; உங்கள் வென்டிலேட்டரின் அடிவிளிம்போ 1500 மி.மீ. அளவில் இருக்கும். 900 மி.மீ. உயரத்தில் தொடங்கும் ஜன்னலை வெட்டு அறுக்கிறது, வென்டிலேட்டருக்குக் கீழேயே கடந்துபோய்விடுகிறது.

வியூ ரேஞ்ச் என்ற பலகையைத் திறந்து வெட்டு உயரத்தை மொத்தமாக 1800 ஆக்கலாமே என்று தோன்றும். ஆனால், சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே 1500-இல் முடியும் பரிமாறும் திறப்பு இருந்தால் அது அப்போது காணாமற்போகும். படிக்கட்டின் வெட்டுக்கோடும் இடம் மாறும். மேலே உள்ள ‘வியூ’ டேப்பில் பிளான் வியூஸ் என்பதன்கீழ் உள்ள பிளான் ரீஜன் இதற்காகவே ஏற்பட்டது. வென்டிலேட்டர் இருக்கும் சுவர்ப்பகுதியை மட்டும் சுற்றி ஒரு மூடிய கட்டம் வரைந்து, அதன் வெட்டு உயரத்தை 1700 என்று கொடுங்கள். ஒரு கட்டத்தின்மேல் இன்னொன்று ஏறக்கூடாது, விளிம்புகள் ஒட்டியிருக்கலாம். கட்டத்தின் கோடு பிரிண்டில் வந்துவிடாதிருக்க, வி, ஜி பலகையின் அனோட்டேஷன் பகுதியில் பிளான் ரீஜன் வகையை அணைத்துவிடுங்கள். மேஸ்திரி கையில் இருப்பது பெரும்பாலும் பிளான் தாள் ஒன்றுதான்; அதில் திறப்பு இல்லையென்றால் பூசி முடித்த சுவரை உடைக்க வேண்டியதாகிவிடும்.

கேள்வி: ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் மாடலை என் கோப்பில் லிங்க் செய்து இணைத்தபின், தூண்களின் இடத்தைக் குறிக்கும் கிரிட் கோடுகள் இரட்டையாகத் தெரிகின்றன.
- வாசகர், மதுரை

பதில்: ஒன்று உங்களுடையது, மற்றது லிங்க்கினுடையது. வி, ஜி பலகையில் ரெவிட் லிங்க்ஸ் பகுதிக்குச் சென்று, அந்த லிங்க்கின் எதிரே ‘பை ஹோஸ்ட் வியூ’ என்றிருப்பதைக் ‘கஸ்டம்’ ஆக்கி, அதற்குள் அனோட்டேஷன் வகைகளையும் கஸ்டம் ஆக்கி, கிரிட்ஸ் என்பதை அணையுங்கள். பலகை மங்கலாக இருந்து எதையும் மாற்ற விடவில்லையென்றால், அந்த வியூ ஒரு டெம்ப்ளேட்டுக்குக் கட்டுப்பட்டிருக்கிறது; மாற்றத்தை டெம்ப்ளேட்டிலேயே செய்தால் எல்லாத் தளங்களுக்கும் ஒரே தடவையில் முடிந்துவிடும். ஆனால் அணைப்பதற்கு முன், இரண்டு கிரிட்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றனவா என்று உருப்பெருக்கிப் பாருங்கள். 20 மி.மீ. விலகியிருந்தாலும் முதலில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் பேசிவிட்டுப் பிறகு அணையுங்கள்.